டப்பாவின் உட்பூச்சை மாற்றிய நான்கு மெத்தில்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தக்காளிக் கூழ் அடைத்த தகர டப்பா ஒன்றைத் திறந்து, காலி செய்து, கழுவி, உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். எதுவும் பெயர்ந்து வராது. ஆனாலும் அங்கே ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் சில மைக்ரான்தான், தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. புளிப்பு தகரத்தை அரிக்காமலும், உலோகம் உணவில் கரையாமலும் இரண்டு மூன்று வருடம் காவல் காப்பது அந்தப் படலம். அது இல்லாவிட்டால் டப்பா உணவு என்ற தொழிலே இன்றைய அளவில் இருந்திருக்காது.

அந்தப் படலத்தின் முக்கியமான மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ ஹார்மோன் போல நடிக்கிறது என்று தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம். குறிப்பாக, வால்ஸ்பார் என்ற அமெரிக்கப் பூச்சு நிறுவனம் எடுத்த வழி. மினியாபொலிஸில் இயங்கிய இந்த நிறுவனத்தை 2017-ல் ஷெர்வின் வில்லியம்ஸ் வாங்கிவிட்டது. நச்சு குறைந்த ரெசின் (பூச்சின் அடிப்படையான செயற்கைப் பிசின்) உருவாக்கும் முயற்சிகள் எத்தனையோ நடந்திருக்கின்றன. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இங்கே நச்சியல் கேள்வி கடைசியில் வந்து கதவைத் தட்டவில்லை. முதல் நாளே உள்ளே அழைத்து உட்காரவைக்கப்பட்டது.

பழைய பூச்சை ஏன் யாராலும் அசைக்க முடியவில்லை

அந்தப் பழைய பூச்சு எபாக்சி என்ற ரெசின். அதற்கு இரண்டு மூலப்பொருள்கள்: பிஸ்பீனால் ஏ, எபிகுளோரோஹைட்ரின். பிஸ்பீனால் ஏ-வை 1891-ல் ரஷ்ய வேதியியலாளர் டியானின் முதலில் தயாரித்தார். அப்போது அதற்கு ஒரு பயனும் இல்லை. 1936-ல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குச் செயற்கை மாற்று தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸ், இந்த மூலக்கூறு பலவீனமாக ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்வதைக் கண்டார். இரண்டே வருடத்தில் அவர் குழுவுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மிக வலுவான பொருள் கிடைத்துவிட்டதால், மருந்தாக இதை யாரும் சீண்டவில்லை. கொஞ்ச காலத்தில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டனும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லியும் எபாக்சி ரெசின்களுக்கு வழி திறந்தார்கள். 1950-களில் அது டப்பாவுக்குள் வந்து சேர்ந்தது. அதாவது ஹார்மோன் குணம் இருப்பது பூச்சாக மாறுவதற்கு முன்பே அச்சில் இருந்த செய்தி. இரண்டு துறைக்காரர்களும் ஒரே நூலகத்தின் வேறு வேறு அலமாரிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

எபாக்சியை அவ்வளவு பிடித்துக்கொண்டதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. உணவு டப்பாவில் பூச்சைத் தகட்டின் மேலேயே பூசி, சுமார் 200 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக்குகிறார்கள். அதற்கப்புறம்தான் அந்தத் தகட்டை வெட்டி, வளைத்து, விளிம்பு மடிக்கிறார்கள். ஆகவே இறுகிய படலம் உலோகத்தோடு சேர்ந்து வளையவும் நீளவும் வேண்டும், ஒரு இடத்தில்கூட விரிசல் விடக் கூடாது. பிறகு உணவை அடைத்து மூடி, ரிடார்ட் என்னும் அழுத்தக் கலனில் 121 டிகிரி நீராவியில் வேகவைக்கிறார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் கிடங்கு. மீனும் இறைச்சியும் கந்தகத்தை விடும், தகரம் கறுக்கும். தக்காளி அமிலத்தை விடும். எண்ணெய் படலத்தை ஊறவைக்கப் பார்க்கும்.

எபாக்சிச் சங்கிலியில் இதற்கெல்லாம் பதில் இருந்தது. பென்சீன் வளையங்கள் விறைப்பைத் தருகின்றன. வளையங்களை இணைக்கும் ஈதர் பிணைப்புகளை அமிலமோ வெந்நீரோ எளிதில் உடைக்க முடியாது. சங்கிலி நெடுக இருக்கும் ஹைட்ராக்சில் குழுக்கள் (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) உலோகப் பரப்பைக் கெட்டியாகப் பற்றுகின்றன. ஃபீனாலிக் ரெசினோடு சேர்த்துச் சுட்டால் டப்பாவுக்குள் நாம் பார்க்கும் அந்தப் பொன்னிறம் வரும். ஒரே பூச்சு பழத்துக்கும் மீனுக்கும் சாறுக்கும் பொருந்தியது. இப்படி எல்லாத் தாளத்துக்கும் ஆடும் இன்னொரு ரெசின் யாரிடமும் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும். பிஸ்பீனால் ஏ-விலிருந்தே செய்யும் இன்னொரு பொருளான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் புட்டியில் வெந்நீர் பட்டால் சங்கிலியே கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து பிஸ்பீனால் ஏ வெளிவரும். எபாக்சிச் சங்கிலி அப்படி அறுவதில்லை. அதிலிருந்து உணவுக்குப் போவது, ரெசின் தயாரிப்பில் வினைபுரியாமல் மிஞ்சிய பிஸ்பீனால் ஏ-வும், அரைகுறையாக இணைந்த சிறு துண்டுகளும்தான். சிக்கல் சங்கிலியில் இல்லை, மிச்சத்தில் இருந்தது.

சந்தேகம் வந்த வழி

1993-ல் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஃபெல்ட்மன் குழுவினர் ஈஸ்ட் செல்கள் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கின்றனவா என்று தேடினார்கள். கிடைத்த ஈஸ்ட்ரோஜன் ஈஸ்ட்டுடையதல்ல, சூடாக்கிய பாலிகார்பனேட் குடுவையிலிருந்து கசிந்த பிஸ்பீனால் ஏ. 1998-ல் பெட்ரீஷியா ஹன்ட்டின் ஆய்வுக்கூடத்தில் எலிக் கூண்டுகளைத் தவறான சோப்பால் கழுவிவிட்டார்கள். பிளாஸ்டிக் அரித்தது, ஒப்பிடுவதற்காக எதுவும் கொடுக்காமல் வைத்திருந்த எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் திடீரென்று கூடின. இரண்டுமே வேறெதையோ தேடப்போய்த் தடுக்கி விழுந்த கண்டுபிடிப்புகள்.

சட்டங்கள் மெதுவாகவே அசைந்தன. 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் பால் புட்டிகளில் பிஸ்பீனால் ஏ-வைத் தடை செய்தது, 2012-ல் அமெரிக்காவும் தன் விதியிலிருந்து அந்தப் பயன்பாட்டை நீக்கியது. 2015-ல் பிரான்ஸ் உணவுப் பொதிகள் முழுவதற்கும் தடையை விரித்தது. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளில் உடலில் சேரலாம் என்று கருதும் அளவை, உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமுக்கு இறக்கியது. 20,000 மடங்கு இறக்கம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் ஐரோப்பிய மருந்து முகமையும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2024 டிசம்பரில் ஒன்றியம் உணவுத் தொடர்புப் பொருட்களில் பிஸ்பீனால் ஏ-வைத் தடை செய்தபோது அந்த விவாதம் நடைமுறையில் முடிந்துபோனது.

முதல் மாற்றுகள் சறுக்கிய இடம்

'பிஸ்பீனால் ஏ இல்லாதது' என்று லேபிள் ஒட்டுவது எளிது. வெப்பத்தாள் ரசீதுகளில் ஏ போய் எஸ் வந்தது. பிஸ்பீனால் எஸ், எஃப் இரண்டும் ஏ-வின் பங்காளிகள். இரண்டு முனையிலும் அதே ஃபீனால் (ஹைட்ராக்சில் ஒட்டிய பென்சீன் வளையம்), நடுப் பாலம் மட்டும் வேறு. சோதித்துப் பார்த்தபோது அவையும் ஈஸ்ட்ரோஜன் போலவே நடித்தன. பெயர்ப் பலகையை மாற்றிக் கடையைத் தொடர்ந்த கதை.

டப்பா விஷயத்தில் இதைவிடச் சுவையான சறுக்கல் ஒன்று நடந்தது. ஆழமாக இழுத்து உருவாக்கும் டப்பாக்களுக்கும் எளிதில் திறக்கும் மூடிகளுக்கும் பிவிசி ஆர்கனோசால் (கரைப்பானில் பிவிசித் துகள்கள் கலந்த) பூச்சு பிடித்திருந்தது, ஏனென்றால் நன்றாக நீளும். ஆனால் சுடும்போது பிவிசி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அதை உறிஞ்ச ஒரு பொருள் வேண்டும். எதைச் சேர்த்தார்கள்? பிஸ்பீனால் ஏ-வின் டைகிளிசிடைல் ஈதரை, அதாவது எபாக்சியின் அடிப்படை அலகையே. 1990-களில் எண்ணெயில் ஊறிய மீன் டப்பாக்களில் அது கணிசமாகக் கசிந்தது தெரியவந்தது. ஒதுக்க நினைத்த மூலக்கூறு பின்வாசல் வழியே உதவியாளராக உள்ளே நுழைந்திருந்தது. பிஸ்பீனால் எஃப் வகையிலும் நோவலாக் வகையிலும் இருந்த இதே மாதிரிப் பொருட்களை ஐரோப்பா பின்னர் தடை செய்தது. ஏ வகைக்கு உணவில் கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது.

பழைய வழிக்குத் திரும்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஈடன் ஃபுட்ஸ் 1999 முதல் தன் பீன்ஸ் டப்பாக்களில், எபாக்சிக்கு முந்தைய காலத்து ஓலியோரெசினை, அதாவது தாவர எண்ணெயும் பிசினும் கலந்த வார்னிஷைப் பூசச் செய்தது. பீன்ஸுக்கு அது தாங்கியது, தக்காளியின் அமிலத்துக்குத் தாங்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு உணவுக்கும் ஒரு பூச்சு என்பது நேர்மையான பதில். தொழிற்சாலைக்கு மட்டும் அது தலைவலி.

கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்

வால்ஸ்பார் ஆட்கள் கேட்டது இதுதான்: பிஸ்பீனால் ஏ ஏன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில், அதாவது அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் செல் புரதத்தில், போய் உட்காருகிறது? அந்தக் காரணத்தை மட்டும் நீக்கிவிட்டு, எபாக்சியின் மற்ற குணங்களை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

ஏற்பியின் உட்புறம் ஒரு பை மாதிரி. எஸ்ட்ரடயால் என்ற இயற்கை ஹார்மோன் அதற்குள் நுழையும்போது, அதன் ஒரு முனையில் உள்ள ஃபீனால் ஹைட்ராக்சில், ஏற்பியின் 353-ஆவது இடத்தில் உள்ள குளூட்டமேட்டையும் 394-ஆவது இடத்தில் உள்ள ஆர்ஜினினையும் (இவை புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள்) ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. மறுமுனை 524-ஆவது ஹிஸ்டிடினைத் தொடுகிறது. பிஸ்பீனால் ஏ-வின் இரண்டு முனைகளிலும் ஹைட்ராக்சில் உண்டு, அவற்றுக்கு இடையிலான தூரமும் கிட்டத்தட்ட பொருந்துகிறது. எஸ்ட்ரடயாலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தளர்வான பிடிதான். ஆனாலும் பிடிக்கிறது.

அப்படியானால் ஹைட்ராக்சிலின் இரண்டு பக்கத்திலும் ஏதாவது ஒன்றை நட்டு வைத்தால்? இந்த யோசனைக்கு முன்பே ஆதாரம் இருந்தது. ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்தில் உள்ள 3, 5 இடங்களில் என்ன இருக்கிறது என்பது பிஸ்பீனால்களின் ஹார்மோன் செயலைப் பெரிதும் மாற்றுகிறது என்று 2005-ல் ஒரு ஜப்பானிய ஆய்வுக் குழு பல மூலக்கூறுகளை வரிசையாகச் சோதித்துக் காட்டியிருந்தது.

கடைசியில் தேர்வானது டெட்ராமெத்தில் பிஸ்பீனால் எஃப். பிஸ்பீனால் எஃப்-ஐ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹைட்ராக்சிலுக்கும் இடமும் வலமுமாக மெத்தில் குழு (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) வைத்த மாதிரி இருக்கும். மொத்தம் நான்கு. கதவின் கைப்பிடிக்கு இருபுறமும் ஆள் நின்றால் கைப்பிடியைத் திருப்ப முடியாதல்லவா, அதே தந்திரம். மெத்தில் இல்லாத பிஸ்பீனால் எஃப் ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கிறது என்பதால், முழுப் பாரமும் இந்த நான்கின் மேல்தான். 2,6-டைமெத்தில்ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தால் இந்த மூலக்கூறு கிடைக்கும். முதலாவது, பாலிஃபினிலீன் ஆக்சைடு பிளாஸ்டிக்குக்காக ஏற்கெனவே பெரிய அளவில் தயாராகும் சரக்கு. நச்சு குறைந்தது என்று ஒரு மூலக்கூறை வரைந்துவிடலாம், அதை டன் கணக்கில் வாங்க வழி இல்லாவிட்டால் அது தாளிலேயே நின்றுவிடும்.

அப்புறம் எனக்கு இந்த நிகழ்வில் மிகப் பிடித்த இடம். சோதிக்க யாரிடம் போனார்கள் தெரியுமா? டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் அனா சோட்டோ, கார்லோஸ் சொனன்ஷைன். பிஸ்பீனால் ஏ கொறிவிலங்குகளின் மார்பகத் திசுவை மாற்றுகிறது என்று வருடக்கணக்கில் எழுதிவந்தவர்கள். அதற்கும் முன்பு, 1991-ல், சோதனைக் குழாய் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் மார்பகப் புற்றுச் செல்களைப் பெருகவைப்பதைக் கண்டு வெளியிட்டவர்களும் இவர்கள்தான். அதே கூடத்தில் முன்பு பணிபுரிந்த மாரிசெல் மஃபினியும் சேர்ந்தார். பூச்சுத் தொழிலுக்கு இதைவிடக் கறாரான தேர்வாளர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

2017-ல் வெளிவந்த அவர்களது ஆய்வின் தலைப்பு 'இல்லாமைக்கான சான்று' என்ற பொருளில் இருந்தது. சான்று இல்லை என்பதும் இல்லாமைக்குச் சான்று இருக்கிறது என்பதும் வேறு வேறு. தலைப்பே அந்த வித்தியாசத்தைக் குத்திக் காட்டுகிறது. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் கிடைத்தால் பெருகும். புதிய பிஸ்பீனாலையும் அதிலிருந்து செய்த பூச்சின் சாற்றையும் கொடுத்தபோது அவை அப்படிப் பெருகவில்லை. ஆசிரியர் வரிசையில் வால்ஸ்பாரின் நச்சியலாளரும் இருந்தார். அதை வைத்து ஆய்வைத் தள்ளவும் முடியாது, மறக்கவும் கூடாது.

வெறும் மூலப்பொருளோடு நிறுத்தாமல் சுட்டு இறுகிய பூச்சின் சாற்றையும் சோதித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பூச்சிலிருந்து வெளிவருவது, நாம் சேர்த்த பொருள் மட்டும் அல்ல. சுடும்போது உருவாகும் வளையத் துண்டுகள், கரைப்பானோடு வினைபுரிந்தவை, மூலப்பொருளில் ஏற்கெனவே இருந்த கலப்படங்கள் என்று ஒரு கூட்டமே வரும். வேண்டுமென்று சேர்க்காத பொருட்கள் என்று தொழிலில் இவற்றுக்குத் தனிப் பெயரே உண்டு. லேபிளில் வராத இந்தக் கூட்டம்தான் பல நேரங்களில் வில்லன்.

டப்பாவில் ஏற்றியபோது

ஹார்மோன் சோதனையில் தேறிய பூச்சு டப்பாவில் தோற்றால் எல்லாம் வீண். உணவு கெட்டால் அதுவும் நஞ்சுதானே. எனவே பழைய எபாக்சிக்கு வைத்த அத்தனை தேர்வும் இதற்கும் உண்டு. கரைப்பானில் நனைத்த துணியால் முன்னும் பின்னும் தேய்த்து எத்தனை தேய்ப்புக்குப் படலம் தாங்குகிறது என்று எண்ணுவார்கள். கட்டம் கட்டமாகக் கீறி, ஒட்டு நாடா ஒட்டிப் பிய்த்துப் பார்ப்பார்கள். ஆப்பு வடிவில் மடக்கி விரிசலைத் தேடுவார்கள். எனாமல் ரேட்டர் என்ற கருவியில் டப்பாவுக்குள் உப்புநீரை ஊற்றி மின்னழுத்தம் கொடுத்து, எத்தனை மில்லியாம்பியர் பாய்கிறது என்று அளப்பார்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் மின்சாரம் காட்டிக் கொடுத்துவிடும். நீராவியில் வெந்தபின் படலம் வெளுத்திருந்தால் அது தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேல், உண்மையான உணவை அடைத்து மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் காத்திருக்கும் சோதனை. அதை எந்த அவசரமும் சுருக்க முடியாது.

இங்கேதான் அந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம் புரிகிறது. அக்ரிலிக்குக்கோ பாலியெஸ்டருக்கோ தாவியவர்கள் பிணைப்பு வகையையே மாற்றினார்கள். எஸ்டர் பிணைப்பு அமிலத்திலும் வெந்நீரிலும் நாளடைவில் இளகக்கூடியது, அதனால் புளிப்பு உணவுகளில் பிரச்சினை வந்தது. டெட்ராமெத்தில் பிஸ்பீனால் எஃப்-இல் இருந்து செய்ததோ இன்னமும் எபாக்சிதான். அதே ஈதர் சங்கிலி, உலோகத்தைப் பற்றும் அதே ஹைட்ராக்சில்கள். வேறுபாடு, வினைபுரியாமல் மிஞ்சும் துண்டு என்னவாக இருக்கும் என்பதில் மட்டும். முன்பு சொன்ன நுணுக்கம் நினைவிருக்கிறதா? சங்கிலியை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். வால்பியூர் வி70 என்ற பெயரில் இந்தப் பூச்சு சந்தைக்கு வந்தது.

மீதிக் கேள்விகள்

சரி, பிரச்சினை தீர்ந்ததா? ஈஸ்ட்ரோஜன் என்ற ஒரு கேள்விக்கு வலுவான பதில் கிடைத்திருக்கிறது. உடம்பில் ஹார்மோன் ஒன்றல்ல. முன்பு குறிப்பிட்ட அதே 2005 ஆய்வில், நான்கு மெத்தில் வைத்த பிஸ்பீனால் ஏ, ஆண் ஹார்மோனுக்கு எதிராகச் செயல்படுவதில் சோதித்த பொருட்களிலேயே முன்னணியில் நின்றது. அது வேறு மூலக்கூறு, நடுப் பாலம் வேறு. ஆனாலும் ஒரு கதவை அடைக்க வைத்த கல் இன்னொரு கதவில் சாவியாகலாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

2021-ல் இன்னொரு ஆய்வு, கோழிக் கருவில் பல பிஸ்பீனால்களைச் செலுத்தி, டெட்ராமெத்தில் பிஸ்பீனால் எஃப்-உம் வளர்ச்சிக் கேடுகளை உண்டாக்குவதாகச் சொன்னது. அதைப் படித்தவுடன் "பார்த்தாயா, இதுவும் நஞ்சுதான்" என்று கிளம்புபவர்கள் உண்டு. கருவுக்குள் மூலப்பொருளை நேரடியாகச் செலுத்துவதும், இறுகிய பூச்சிலிருந்து உணவுக்குக் கசியும் நுண்ணளவும் ஒன்றல்ல. ஆனால் "கசிவு குறைவு, ஆகவே கவலை இல்லை" என்பதுதான் பிஸ்பீனால் ஏ-வுக்கும் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்ட சமாதானம். என் கணிப்பில், இந்தப் பூச்சு பழையதைவிட நன்றாகச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டி ஒரு சான்றிதழ் கொடுக்க நான் தயாரில்லை.

இதே வழியில் வேறு கைகளும் வேலை செய்கின்றன. மரத்தின் லிக்னினிலிருந்து கிடைக்கும் குவாயகாலைக் கொண்டு டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பிஸ்குவாயகால்கள் செய்து பார்க்கிறார்கள். அதில் ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்தில் மெத்திலுக்குப் பதில் மெத்தாக்சி நிற்கிறது. மறைக்கும் தந்திரம் அதே. டப்பாவுக்கு வெளியே, பெரிய தொட்டிகளின் உட்பூச்சில் மாற்றம் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. 2024-இன் ஐரோப்பிய விதி, 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் கலன்களின் கனரகப் பூச்சுகளில் பிஸ்பீனால் ஏ-வின் டைகிளிசிடைல் ஈதரை விட்டுவைத்திருக்கிறது. அங்கே கொள்ளளவோடு ஒப்பிட்டால் பூச்சின் பரப்பு குறைவு. சுட்டு இறுக்க முடியாமல் சாதாரண வெப்பத்திலேயே இறுக வேண்டிய பூச்சு என்பதால் மாற்றுகளும் குறைவு.

இன்னொரு மூலப்பொருளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசவே இல்லை. பிஸ்பீனால் எதுவாக இருந்தாலும் அதை எபாக்சியாக்க எபிகுளோரோஹைட்ரின் வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை 2ஏ பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடிய வாய்ப்புள்ளது என்று வைத்திருக்கிறது. பூச்சு இறுகியபின் சாப்பிடுபவருக்கு அதனால் பெரிய கவலை இல்லை. ரெசின் கொதிகலன் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு உண்டு. எபாக்சி அலகுகள் தோலில் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரும், அதுவும் அவர் பாடுதான். இப்போது பெட்ரோலிய புரோப்பிலீனுக்குப் பதில் தாவர எண்ணெயின் கிளிசரினிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்கிறார்கள், தாவர மூலம் என்று அச்சடித்து விற்கிறார்கள். கிளிசரினிலிருந்து வந்தாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் பீப்பாய்க்குள் இருப்பது ஒரே மூலக்கூறு. அந்தப் பீப்பாயைத் திறப்பவர் போட வேண்டிய கையுறையும் முகக் கவசமும் மாறவில்லை.